ரீயா தூய மரியாள் ஆலயம்: விக்டோரியக் கால ஊர் ஆலயம் ஒன்றின் வரலாறும் உள்ளுறையும்

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் வடமேற்கில், கார்லைல் நகருக்குத் தெற்கே அமைந்த ரீயா என்னும் சிற்றூரின் தூய மரியாள் ஆலயம் 1842ஆம் ஆண்டு பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதனை வடிவமைத்துத் தம் செலவிலேயே கட்டுவித்தவர் சாரா லாஷ் என்னும் பெண்மணி. விக்டோரியக் கால ஆலயக் கட்டடக்கலை வரலாற்றில் இவ்வாலயம் பெரும்பாலும் ஒரு விந்தையாகவோ, தங்கையை இழந்த தமக்கையின் துயரச் சின்னமாகவோ பேசப்பட்டு வந்துள்ளது. இவ்விரு வாசிப்புகளும் ஆலயத்தின் பொருள் உணர்த்தும் முறையை விளக்கப் போதுமானவை அல்ல என்பது இக்கட்டுரையின் கருத்து. ஆலயத்தின் வரலாற்றையும் கட்டட அமைப்பையும் தொகுத்துக் கூறி, தொல்காப்பியம் வகுக்கும் உள்ளுறை என்னும் கோட்பாட்டைத் திறனாய்வுக் கருவியாகக் கொண்டு அதன் சிற்பங்களை இக்கட்டுரை வாசிக்கிறது. அவ்வாசிப்பின் எல்லைகளையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: விக்டோரியக் கால ஆலயங்கள், சாரா லாஷ், ரீயா, கோதிக் மறுமலர்ச்சி, ரோமனெஸ்க் பாணி, கருப்பொருள், உள்ளுறை.

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஊர்தோறும் ஆலயங்கள் எழுந்தன. அவற்றுள் பலவற்றின் வரலாற்றை ஒரே வாய்பாட்டில் அடக்கிவிடலாம். பழைய ஆலயம் சிதைந்தது அல்லது மக்கள்தொகைக்குப் போதாததாயிற்று. நிலக்கிழாரோ தொழிலதிபரோ பொருள் தந்தார். கட்டடக் கலைஞர் ஒருவர் இடைக்காலக் கோதிக் பாணியில் வரைபடம் தந்தார். பேராயர் பிரதிஷ்டை செய்தார். இவ்வாய்பாட்டின் முதல் இரு கூறுகளும் இறுதிக் கூறும் ரீயா ஆலயத்திற்குப் பொருந்தும். மூன்றாவது கூறு பொருந்தாது. வரைபடம் தந்தவர் தொழில்முறைக் கலைஞர் அல்லர். கட்டடம் கோதிக் பாணியிலும் இல்லை.

பொருந்தாத ஒன்றை வரலாறு இருவகையாகக் கையாளும். அதைக் கூறாமலே விடும். அன்றேல் விதிவிலக்கு எனப் பெயரிட்டு ஒதுக்கி வைக்கும். விதிவிலக்கு எனப் போற்றுவதும் ஒருவகை ஒதுக்கலே. 'வியப்புக்குரியது' என்று கூறி முடித்துவிட்டால், அது எவ்வாறு பொருள் உணர்த்துகிறது, தன் காலத்தின் எந்த வினாவுக்கு விடை கூறுகிறது என்று கேட்க வேண்டிய தேவை எழுவதில்லை. ரீயா ஆலயத்திற்கு நேர்ந்தது இதுவே.

இக்கட்டுரை அவ்வினாக்களை எழுப்ப முயல்கிறது. வெளிவந்துள்ள வரலாற்று நூல்கள், கட்டட விவரிப்புகள், ஒளிப்படங்கள் ஆகியவற்றின் அடிப்படையில் இவ்வாய்வு அமைகிறது. தமிழ்க் கவிதையியல் கோட்பாடு ஒன்றை ஆங்கிலேய ஊர் ஆலயத்தின்மீது வைத்துப் பார்ப்பதால், இரண்டிற்கும் இடையே தொடர்போ தாக்கமோ இருந்தது என்று கொள்ளலாகாது. ஒரு பண்பாட்டில் கூர்மையாக வகுக்கப்பட்ட கோட்பாடு பிறிதொரு பண்பாட்டின் படைப்பை விளக்க உதவுமா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. காலச் சூழல்

நெப்போலியப் போர்கள் முடிந்தபின், 1818இல் ஆங்கிலேய நாடாளுமன்றம் ஆலயக் கட்டுமானச் சட்டத்தை நிறைவேற்றிப் பத்து இலட்சம் பவுன் ஒதுக்கியது. தொழில் நகரங்களில் பெருகிய மக்களுக்கு ஆலயங்கள் இல்லை என்பதும், ஆலயமில்லாத மக்கள் கிளர்ச்சிக்கு ஆளாவர் என்னும் அச்சமும் இதற்குக் காரணங்கள். இவ்வாறு எழுந்த ஆலயங்களுள் பல சிக்கனமானவை; நிறையப் பேரை அமரவைக்கும் கூடங்கள் என்னும் அளவில் நின்றவை.

இதற்கு எதிர்வினையாக 1830களில் இரு குரல்கள் எழுந்தன. கத்தோலிக்க மதத்தைத் தழுவிய கட்டடக் கலைஞர் அகஸ்டஸ் பியூஜின் 1836இல் வெளியிட்ட 'முரண்கள்' என்னும் நூலில், இடைக்காலக் கட்டடங்களைத் தம் காலக் கட்டடங்களோடு அருகருகே வரைந்து காட்டி, கட்டடத்தின் தாழ்வு சமூகத்தின் ஒழுக்கத் தாழ்வே என வாதிட்டார். 1839இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் சிலர் கேம்டன் சங்கத்தைத் தொடங்கினர். 1841 முதல் அவர்கள் நடத்திய 'எக்லீசியாலஜிஸ்ட்' இதழ் புதிய ஆலயங்களை மதிப்பிட்டுப் புகழ்ந்தும் கண்டித்தும் எழுதியது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கோதிக் பாணியே கிறித்தவக் கட்டடக்கலையின் முதிர்ந்த நிலை என்றும், பீடப்பகுதி மக்கள் அமரும் பகுதியினின்று தெளிவாகப் பிரிக்கப்பட்டு ஆழமாக அமைய வேண்டும் என்றும் அச்சங்கத்தார் வற்புறுத்தினர்.

நம் ஆய்வுக்கு முதன்மையானது அவர்களுடைய குறியீட்டுக் கொள்கை. சங்கத்தின் நிறுவனர்களான ஜான் மேசன் நீல், பெஞ்சமின் வெப் ஆகிய இருவரும், பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பேராயர் டுராண்டஸ் ஆலயத்தின் உறுப்புகளுக்கு எழுதிய குறியீட்டு விளக்கத்தை 1843இல் ஆங்கிலத்தில் வெளியிட்டனர். இக்கொள்கைப்படி ஆலயத்தின் ஒவ்வோர் உறுப்பும் சமயக் கருத்து ஒன்றினைக் குறிக்கும். மூன்று சாளரங்கள் என்றால் திரித்துவம். எண்கோணத் தொட்டி என்றால் மறுபிறப்பு. கருத்து முன்னரே வரையறுக்கப்பட்டது. கல் அதனைச் சுமக்கும். திறவுகோல் அறிந்தவருக்குக் கட்டடம் ஒரு நூல்போல் விரியும். அறியாதவருக்கு வெறும் அலங்காரமாக நிற்கும்.

ஆலயத்தில் கல் எவ்வாறு பேச வேண்டும் என்பதே அக்காலத்தின் மைய வினா. அதற்குக் கேம்டன் சங்கம் தந்த விடை நாடெங்கும் பரவியது. அதே ஆண்டுகளில், அச்சங்கத்தின் செல்வாக்குக்கு வெளியே, ரீயாவில் வேறொரு விடை எழுந்துகொண்டிருந்தது.

2. ஆலயத்தின் வரலாறு

சாரா லாஷ் 1785ஆம் ஆண்டளவில் பிறந்து 1853இல் மறைந்தவர். ரீயாவை அடுத்த உட்சைடு அவருடைய குடும்பத்தின் பண்ணை இல்லம். தந்தை ஜான் லாஷ், டைன் ஆற்றங்கரையில் வாக்கர் என்னுமிடத்தில் காரப்பொருள் உற்பத்தியில் ஈடுபட்டவர். சிற்றப்பன்மாருள் வில்லியம் லாஷ் இரும்புத் தொழில் நடத்தியவர். ஜார்ஜ் ஸ்டீபன்சனோடு சேர்ந்து 1816இல் இருப்புப்பாதைக்கான காப்புரிமை பெற்றவர். ஜேம்ஸ் லாஷ் நியூகாசிலில் வழக்கறிஞர். அடிமை ஒழிப்பை ஆதரித்தவர். வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ் ஆகியோரை அறிந்தவர். தொழிலும் அறிவியலும் சீர்திருத்தச் சிந்தனையும் கலந்த குடும்பச் சூழல் இது.

1814இல் தந்தை இறந்தபின் சாராவும் தங்கை காத்தரினும் சொத்துக்கு உரியவராயினர். இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1817இல் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டு இத்தாலியின் தொன்மைக் கட்டடங்களைக் கண்டனர். 1835இல் காத்தரின் இறந்தார்.

ரீயாவில் இடைக்காலத்தைச் சேர்ந்த சிற்றாலயம் ஒன்று இருந்தது. கார்லைல் மரியாள் பங்கிற்கு உட்பட்ட கிளை ஆலயமாக விளங்கிய அது காலப்போக்கில் சிதைந்தது. அதற்கு மாற்றாகப் புதிய ஆலயத்துக்கு நிலமும் பொருளும் தருவதாகச் சாரா முன்வந்தார். கட்டும் முறையில் தமக்கு எவ்விதத் தடையும் இருத்தல் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. அது ஏற்கப்பட்டது. 1841இல் தொடங்கிய பணி நிறைவுற்று, 1842 டிசம்பரில் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஏறத்தாழ 1,200 பவுன் செலவாயிற்று.

இந்நிபந்தனையின் பொருளை உணர, பெண்களின் தொழில் நிலையை நினைவுகொள்ள வேண்டும். பிரித்தானியக் கட்டடக் கலைஞர் கழகம் 1834இல் தோன்றியது. அதில் முதற்பெண் உறுப்பினராக எத்தெல் சார்ல்ஸ் சேர்க்கப்பட்டது 1898இல். கட்டடக் கலைஞராகப் பயில்வதற்கோ தொழில் புரிவதற்கோ சாரா லாஷுக்கு வழியில்லை. நிலக்கிழார் என்ற தகுதியாலும் பணத்தாலும் மட்டுமே அவர் அவ்வுரிமையைப் பெற முடிந்தது. 'தடையில்லாமை' என்பதை அவர் விலைகொடுத்தே வாங்கினார்.

பணியாளர் தேர்விலும் அவர் வழக்கத்தை மாற்றினார். நகரத்துச் சிற்பக் கூடங்களை நாடாமல், உள்ளூர்க் கட்டுநரின் மகனான வில்லியம் ஹிண்ட்சன் என்னும் இளைஞரைச் சிற்பத்தொழில் கற்க இத்தாலிக்கு அனுப்பினார். சிற்பங்களுள் பெரும்பகுதி அவ்விளைஞரின் கைவண்ணம். ஞானஸ்நானத் தொட்டியைச் சாரா லாஷும் அவருடைய உறவினர் வில்லியம் எஸ். லாஷும் செதுக்கினர்.

3. கட்டட அமைப்பு

ஆலயத்தின் தரைப்படம் எளிமையானது. மக்கள் அமர்வதற்கு நீள்சதுரக் கூடம், கிழக்கே அரைவட்டமாக முடியும் பீடப்பகுதி, மேற்கே மணிக்கூடு. வளைவுகள் யாவும் அரைவட்ட வடிவின. தம் பாணியைத் தொடக்கக்காலச் சாக்சன் பாணி அல்லது மாற்றியமைத்த லொம்பார்டு பாணி என்று சாரா லாஷே விவரித்துள்ளார். வட இத்தாலியில் கோதிக் பாணி தோன்றுவதற்கு முன் வழங்கிய ரோமனெஸ்க் வடிவங்களை இது நினைவூட்டுகிறது.

பீடப்பகுதியின் வளைசுவரை ஒட்டிப் பதினான்கு குறுந்தூண்கள் நிற்கின்றன. அவற்றின் இடைவெளிகளில் பதின்மூன்று இருக்கைகள். கிறிஸ்துவையும் பன்னிரு சீடரையும் நினைவூட்டும் எண் இது என ஊகிக்க இடமுண்டு. ஆயினும் அவ்விருக்கைகளில் உருவங்கள் இல்லை. புதைபடிவத் தாவரங்களின் இலை வடிவங்கள் வெட்டப்பட்ட மெல்லிய அலபாஸ்டர் தகடுகளின் வழியே மங்கலான ஒளி கசிகிறது. சாளரங்களில் பழைய வண்ணக் கண்ணாடித் துண்டுகள் ஒட்டுவேலையாகப் பதிக்கப்பட்டுள்ளன. 1830இல் பாரிசுப் பேராயர் மாளிகை சூறையாடப்பட்டபோது சிதறியவை அவற்றுள் அடங்கும் என்பர். பிரசங்க பீடம் சதுப்பு நிலத்தில் நெடுங்காலம் புதையுண்டு கறுத்த ஓக் மரத்தின் குடைந்த அடிப்பகுதி. வேத வாசிப்புத் தாங்கிகள் பறவை வடிவின.

வெளிப்புறத்தில் மேற்கு வாயிலும் அதன் மேலுள்ள மூன்று சாளரங்களும் ஆலயத்தின் முகம் எனலாம். சாளர விளிம்புகளில் அம்மோனைட்டுச் சிப்பிகள், பவளம், கோதுமைக் கதிர், மலர்கள், பூச்சிகள், பறவைகள், பைன் கூம்புகள் செறிந்துள்ளன. மரக்கதவில் அம்புகள் தைத்து நிற்பதுபோல் இரும்பு வேலைப்பாடு அமைந்துள்ளது. கூரையோரத்தில் ஆமை, பாம்பு முதலிய உயிரினங்கள் கல்லிலிருந்து நீண்டு வெளிவருகின்றன. ஞானஸ்நானத் தொட்டியின் மூடி நீர்ப்பரப்பைப் போன்ற கண்ணாடி. அதன்மேல் அலபாஸ்டரில் செதுக்கிய தாமரை மலர்கள்.

கல்லறைத் தோட்டத்தில் மூன்று நினைவுச் சின்னங்கள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, பெற்றோர் நினைவாக, பியூகாசிலில் உள்ள தொன்மையான கற்சிலுவையின் படி. இரண்டாவது, பெருங்கற்களை அடுக்கிக் கட்டிய காத்தரினின் நினைவு மண்டபம். அதனுள் டேவிட் டன்பார் செதுக்கிய சலவைக்கல் உருவம், கையிலுள்ள பைன் கூம்பை நோக்கியவாறு அமர்ந்திருக்கிறது. மூன்றாவது, 1842இல் காபூலிலிருந்து பின்வாங்கிய படையில் கொல்லப்பட்ட குடும்ப நண்பர் மேஜர் வில்லியம் தெய்ன் நினைவாக வைத்த கல். அதிலும் பைன் கூம்பே செதுக்கப்பட்டுள்ளது.

4. இதுவரையான வாசிப்புகள்

இவ்வாலயம் அறவே கவனிக்கப்படாமல் போகவில்லை. கவிஞரும் ஓவியருமான தாந்தே கேபிரியல் ரொசெட்டி 1869இல் இதனைக் கண்டு கடிதத்தில் வியந்து எழுதினார். மருத்துவரான ஹென்றி லான்ஸ்டேல் கம்பர்லாந்துச் சான்றோர் பற்றிய தம் நூல் வரிசையில் 1870களில் சாராவின் வாழ்க்கையைப் பதிவுசெய்தார். 1967இல் நிக்கொலஸ் பெவ்ஸ்னர் அப்பகுதிக் கட்டடங்களைப் பற்றிய தம் தொகுதியில் இவ்வாலயத்திற்கு உயரிய இடம் அளித்தார். 2012இல் வெளிவந்த ஜென்னி யூக்ளோவின் 'பைன் கூம்பு' என்னும் நூல் சாராவின் குடும்பம், காலம், அறிவுச்சூழல் ஆகியவற்றை விரிவாக மீட்டெடுத்தது.

இவற்றின் வழியே பரவியுள்ள பொதுவான வாசிப்புகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, விந்தை வாசிப்பு. ஆலயம் பாணியால் தனித்து நிற்கிறது, ஆகவே விந்தையானது என்பது இதன் கருத்து. வரலாற்றுச் சான்று இதற்குத் துணைநிற்கவில்லை. தாமஸ் ஹோப்பின் கட்டடக்கலை வரலாறு 1835இல் வெளிவந்து லொம்பார்டுக் கட்டடங்களை ஆங்கில வாசகர்க்கு அறிமுகம் செய்தது. இலண்டனை அடுத்த ஸ்ட்ரெத்தமில் ஜேம்ஸ் வைல்டு வடிவமைத்த கிறிஸ்து ஆலயம் 1840 முதல் 1842 வரை எழுந்தது. வில்டனில் இத்தாலிய ரோமனெஸ்க் பாணியில் பேராலயம்போன்ற ஊர் ஆலயம் 1841இல் தொடங்கப்பட்டது. அரைவட்ட வளைவு அந்த ஆண்டுகளில் உயிருள்ள தேர்வாகவே இருந்தது. பின்னர்க் கோதிக் வென்றதால், வெல்லாதவை பின்னோக்கிப் பார்ப்போருக்கு விந்தையாயின.

இரண்டாவது, புறச்சமய வாசிப்பு. வண்டும் தாமரையும் எகிப்திய நினைவைத் தருவதாலும், பைன் கூம்பு கிரேக்க, ரோமானிய வழிபாடுகளில் இடம்பெற்றதாலும், ஆலயம் கிறித்தவத்துக்கு அப்பாற்பட்டது என்பர் சிலர். ஆனால் தலைமைத் தூதர்களின் மரச்சிற்பங்கள் உள்ளே உள்ளன; திருவிருந்துக்கான பீடமும் ஞானஸ்நானத் தொட்டியும் வேத வாசிப்புத் தாங்கிகளும் வழிபாட்டுத் தேவைக்கேற்ப அமைந்துள்ளன. ஆலயம் தொடர்ந்து வழிபாட்டிலும் இருந்து வருகிறது.

மூன்றாவது, வாழ்க்கை வரலாற்று வாசிப்பு. தங்கையின் இறப்பே ஆலயத்தின் பொருள் என்பது இது. மூன்றனுள் வலிமையானது இதுவே, ஆபத்தானதும் இதுவே. ஆண் கலைஞர் ஒருவரின் கட்டடத்தை அறிவின் விளைவாகவும், பெண்ணொருவரின் கட்டடத்தை உணர்ச்சியின் வடிகாலாகவும் பார்க்கும் வழக்கத்துக்கு இது எளிதில் இடங்கொடுக்கிறது. துயரம் கட்டத் தூண்டியிருக்கலாம். இத்தனை சிற்பங்களைத் தேர்ந்து அடுக்கிய ஒழுங்கைத் துயரம் மட்டும் விளக்காது. யூக்ளோவின் நூல் இவ்வறிவுப் பின்புலத்தை நிறையவே காட்டுகிறது. எனினும் ஆலயத்தைப் பற்றிய பொதுப்பேச்சில் நிலைத்திருப்பது தங்கையின் கதையே.

5. உள்ளுறை நோக்கில் ஆலயம்

அகப்பாடலின் பொருட்கூறுகளை முதல், கரு, உரி எனத் தொல்காப்பியம் மூன்றாகப் பகுக்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலியன கருப்பொருள். கருப்பொருளை நிலைக்களமாகக் கொண்டு, வெளிப்படக் கூறாத பொருளை உய்த்துணர வைப்பது உள்ளுறை. ஏனைய உவமத்தில் உவமையும் பொருளும் இரண்டும் வெளிப்பட நிற்கும். உள்ளுறையில் உவமை மட்டும் நிற்கும். இலக்கணம் இங்கு ஒரு வரையறையையும் இடுகிறது. கருப்பொருள்களுள் தெய்வம் உள்ளுறைக்கு நிலைக்களம் ஆகாது. தெய்வம் ஒழிந்த பிற பொருள்களாலேயே உள்ளுறை அமைதல் வேண்டும்.

ரீயா ஆலயத்தின் சிற்பங்களை இவ்வரையறையோடு ஒப்பிடும்போது ஓர் ஒற்றுமை புலப்படுகிறது. இறைவனுக்கென எழுந்த இல்லத்தில், இறை உருவங்களும் திருமறைக் காட்சிகளும் மிகக் குறைந்த இடமே பெறுகின்றன. முகப்பையும் சாளரங்களையும் தொட்டியையும் நிறைத்திருப்பவை உணவும் (கோதுமை), மரமும் (பைன்), பூவும் (தாமரை), பறவையும், பூச்சியும், நீர்வாழ் உயிரும். இறப்பு, உயிர்த்தெழுதல் என்னும் சமயப்பொருள் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. கருப்பொருள் நிற்கிறது, உரிப்பொருளைக் காண்பவர் உணர்ந்துகொள்ள வேண்டும்.

பைன் கூம்பை எடுத்துக்கொள்வோம். செதில்கள் இறுக மூடி விதைகளைக் காத்துவைத்து, உரிய காலத்தில் உலர்ந்து விரிந்து அவற்றை உதிர்ப்பது அதன் இயல்பு. காய்ந்து இறந்ததுபோல் தோன்றும் பொருளே உயிரை வெளியிடுகிறது. இந்த இயற்கைச் செய்தியை அறிய ஒருவருக்கு இறையியல் தேவையில்லை. ஊரில் பைன் மரத்தின் கீழ் நடந்திருந்தால் போதும். கேம்டன் சங்கத்தின் குறியீட்டுமுறையிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான். அங்கே மூன்று சாளரம் திரித்துவத்தைக் குறிப்பது மரபின் ஆணையால். மூன்று என்னும் எண்ணைத் தவிரச் சாளரத்தின் இயல்பில் அதற்குக் காரணம் எதுவும் இல்லை. இங்கே கூம்பு புத்துயிரைக் குறிப்பது கூம்பின் வாழ்வியலால். அங்கே பொருளை அறியக் கற்றவர் துணை வேண்டும். இங்கே நிலத்தை அறிந்தவருக்குப் பொருள் தானே கிட்டும்.

தனிமனித நினைவும் இம்முறைக்குள்ளேயே இயங்குகிறது. அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படுவதில்லை. சுட்டினால் அது புறமாகிவிடும். ரீயாவிலும் இத்தகைய பிரிவு ஒன்று உள்ளது. காத்தரினின் உருவம் ஆலயத்துக்குள் வைக்கப்படவில்லை. வெளியே, கல்லறைத் தோட்டத்து மண்டபத்தில் இருக்கிறது. அவ்வுருவத்தின் கையிலுள்ள கூம்பு ஆலயச் சிற்பங்களில் எவர் பெயருமின்றிச் செதுக்கப்பட்டுள்ளது. தெய்னின் நினைவும் அவ்வாறே. போரில் இறந்தவர் பெயர் வெளியே. அம்பும் கூம்பும் பெயரின்றி ஆலயத்தில். தங்கையின் கதை அறியாத ஊரார், தத்தம் இழப்பை அக்கூம்பில் வைத்துப் பார்க்க இது இடந்தருகிறது. வாழ்க்கை வரலாற்று வாசிப்பு தவறவிடுவது இப்பொதுமையைத்தான். பெயரை நீக்கியதால் தனித்துயரம் ஊருக்குரிய பொருளாகிறது.

புதைபடிவங்கள் இன்னும் ஆழ்ந்த உள்ளுறையைத் தாங்குகின்றன. சார்ல்ஸ் லயலின் 'நிலவியல் கோட்பாடுகள்' 1830 முதல் 1833 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்து, பூமியின் வயது திருமறைக் கணக்கைவிட மிகப் பெரிது என்ற கருத்தை வலுப்படுத்தியது. 1831 முதல் 1837 வரை ஜான் லிண்ட்லியும் நியூகாசிலைச் சேர்ந்த வில்லியம் ஹட்டனும் பிரித்தானியப் புதைபடிவத் தாவரங்களைப் படங்களோடு வெளியிட்டனர். டார்வினின் நூல் வெளிவர 1859 வரை காத்திருக்க வேண்டும். இந்த இடைவெளியில், அழிந்துபோன உயிரினங்களின் வடிவங்களை ஆலயச் சுவரில் பதிப்பது எளிய அலங்காரம் அன்று. நிலவியல் விசுவாசத்துக்குப் பகை என்று அஞ்சப்பட்ட காலத்தில், அப்படிவங்களின் ஊடாகவே பீடத்துக்கு ஒளி வரச் செய்தார் சாரா. வாதம் எதுவும் எழுதப்படவில்லை. ஒளி வரும் வழியே வாதமாகிறது.

பிறிதொரு பொருளும் இங்கு உய்த்துணரத்தக்கது. புதைந்த தாவரங்கள் கிடைத்தது நிலக்கரிப் படுகைகளில். லாஷ் குடும்பத்தின் இரும்பும் காரப்பொருளும் அந்நிலக்கரியால் விளைந்த செல்வம். ஆலயத்தை எழுப்பிய பணத்தின் ஊற்றும், பீடத்தின் ஒளியை வடிகட்டும் இலைகளும் ஒரே மண்ணடுக்கைச் சேர்ந்தவை. இதனைச் சாரா எண்ணித்தான் செய்தார் என்று கூற இயலாது. படைப்பாளர் எண்ணியதற்கும் படைப்பு தாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை ஏற்கும் வாசிப்பில் இதற்கு இடமுண்டு.

6. எல்லைகளும் மறுப்புகளும்

இவ்வாசிப்புக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழலாம்.

உள்ளுறை மொழிக்கு உரியது. சொல்பவரும் கேட்பவரும் உடையது. கட்டடத்தில் கூற்று இல்லை என்பது முதல் மறுப்பு. இது ஏற்கத்தக்கதே. தோழி கூறும் உள்ளுறைக்கு இடமும் காலமும் கேட்போரும் திட்டமாக உள்ளன. கற்சிற்பம் அனைவரையும் நோக்கி நிற்கிறது. ஆகவே கோட்பாட்டின் முழு அமைப்பும் இங்குப் பொருந்தாது. கருப்பொருள் வழியே பொருளை மறைத்து உணர்த்தும் முறை, தெய்வத்தை அதன் நிலைக்களமாகக் கொள்ளாமை என்னும் இரு கூறுகளே பொருந்துகின்றன.

தமிழ்க் கருப்பொருள் திணைக்குரிய நிலத்தோடு பிணைந்தது. ரீயாவிலோ தாமரையும் பவளமும் கம்பர்லாந்து மண்ணுக்கு உரியவை அல்ல என்பது இரண்டாம் மறுப்பு. இதுவும் உண்மை. கோதுமையும் வண்டும் ஊராருக்கு நேரே தெரியும். தாமரையும் அம்மோனைட்டும் நூல்வழியே தெரிந்தவை. இயற்கையை அறிந்தவர் எவரும் உணரலாம் என்று மேலே கூறியது ஆலயத்தின் எல்லாச் சிற்பங்களுக்கும் ஒரே அளவில் பொருந்தாது. கற்ற நிலக்கிழாரின் அறிவும் உழவர் அறிவும் இங்கு அருகருகே நிற்கின்றன. இரண்டும் சில இடங்களில் ஒன்றாகவில்லை.

மூன்றாவது மறுப்பு சமூகம் சார்ந்தது. ஊர் முழுமைக்கும் உரிய ஆலயத்தை ஒருவரே தம் விருப்பப்படி தடையின்றி அமைத்தது முறையா? ஆலயத்தின் அழகு இவ்வினாவுக்கு விடையாகாது. இத்தகைய உரிமையைத் தம் காலத்து ஆண் நிலக்கிழார்கள் இயல்பாகவே துய்த்தனர் என்பதும், சாரா அதனை உள்ளூர் இளைஞரின் கைத்திறனை வளர்க்கப் பயன்படுத்தினார் என்பதும் எடையிட்டுப் பார்க்க வேண்டியவை. எனினும் செல்வம் தந்த உரிமை, செல்வம் தந்த உரிமையே. பெண் என்பதால் அவரை அவ்வினாவினின்று விலக்குவது, பெண் என்பதால் அவரை வரலாற்றினின்று விலக்கியதற்கு மாற்றாகாது.

முடிவுரை

ரீயா தூய மரியாள் ஆலயம் விக்டோரியக் காலத்திற்குப் புறம்பான விந்தை அன்று. கல் எவ்வாறு விசுவாசத்தைப் பேச வேண்டும் என்று அக்காலம் எழுப்பிய வினாவுக்கு அது தந்த விடை முழுமையானது, பின்பற்றப்படாதது. கேம்டன் சங்கத்தின் விடை மரபு வரையறுத்த குறியீடுகளை நம்பியது. சாரா லாஷின் விடை, காணும் பொருளின் இயல்பை நம்பியது. முன்னது நூல்களாலும் இதழ்களாலும் பரப்பப்பட்டது; பின்னதற்கு இதழோ சங்கமோ மாணவரோ இல்லை. ஒன்று மரபானதற்கும் மற்றொன்று விதிவிலக்கானதற்கும் கலைத்தகுதியை விட இவ்வேறுபாடே பெருங்காரணம் எனக் கருதலாம்.

உள்ளுறை என்னும் கோட்பாடு இங்கு இரு பயன்களைத் தந்தது. ஆலயத்தின் சிற்பங்களைத் தனிப்பட்ட துயரத்தின் அடையாளங்களாகச் சுருக்காமல், பொருள் உணர்த்தும் ஓர் ஒழுங்கின் உறுப்புகளாகக் காண அது உதவியது. புறச்சமயம், கிறித்தவம் என்னும் இருமையில் சிக்காமல், தெய்வத்தைக் கூறாமலே தெய்வ இல்லத்தின் பொருளைக் கூறும் முறைக்கு ஒரு பெயரையும் தந்தது. மேலைக் கோட்பாடுகளைக் கொண்டு தமிழ்ப் படைப்புகளை வாசிக்கும் ஆய்வுகள் நம்மிடையே மிகுதி. எதிர்த்திசையில் செல்லும் வாசிப்பும் இயலும். அவ்வாறு செல்லும்போது கருவியின் எல்லைகளும் நமக்குத் தெளிவாகின்றன.

சாராவும் காத்தரினும் ரீயாவின் கல்லறைத் தோட்டத்தில் ஒரே கல்லின்கீழ் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அவர்கள் கதையைக் கேட்டு அங்குச் செல்வோர் கூம்பைக் கண்டு தங்கையை நினைப்பர். கதை அறியாமல் ஞாயிறுதோறும் அவ்வாயிலைக் கடந்து சென்ற ஊராரும் கூம்பைக் கண்டனர். அவர்கள் கண்ட பொருளையும் வரலாற்றில் சேர்த்துக்கொள்வது திறனாய்வின் கடமையாகும்.